மடியில் பிள்ளை, கையில் படப் புத்தகம்



மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலுள்ள நேரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரத்தினபுரிப் பக்கமென்றால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். அடுப்பில் சோறு கொதிக்கிறது. மூத்த பிள்ளைகள் ஓதல் பாடத்தோடு இருக்கிறார்கள். இரண்டு வயதுக் கடைக்குட்டி மட்டும் உங்கள் உடுப்பைப் பிடித்து இழுத்தபடி காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்போது நம்மில் அநேகர் செய்வது என்ன? கைத்தொலைபேசியில் ஒரு பாட்டுப் படத்தைப் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். பிள்ளையும் அடங்கிவிடும், சோறும் வெந்துவிடும்.

இதைச் சொல்லித் தாய்மாரை ஏசுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஏசுவதற்கு வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சோறு வெந்து இறக்கிய பிறகு, படுக்கைக்குப் போகுமுன் ஒரு பத்து நிமிடம், அந்தப் பிள்ளையை மடியில் வைத்து ஒரு படப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாமென்றும், இரண்டு வயதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாதென்றும், பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் புத்தகம் வாசிப்பதும் கதை சொல்வதுமே நல்லதென்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கமும் 2014இல், பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமெனத் தன் வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது.

"இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புத்தகமா? கிழித்துப் போடாதா?" என்று கேட்பீர்கள். கிழிக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

எழுத்துத் தெரியாவிட்டால்?

நம் சப்ரகமுவ மாகாணத்தில் இது முக்கியமான கேள்வி. மாவனெல்லை, ஹெம்மாத்தகமை போல முஸ்லிம்கள் நெருங்கி வாழும் ஊர்களில் தமிழ்ப் பாடசாலையும் தமிழ்ப் புத்தகமும் ஓரளவு கிடைக்கும். ஆனால் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, இறக்குவானை, பலாங்கொடை போன்ற தோட்டத்து பஸார்களில் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் லயங்களில் இருக்கும் தோட்டத்து மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழிமூலப் பாடசாலை தூரமென்பதால் சிங்களப் பாடசாலைக்குப் போய்ப் படித்த தாய்மார் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். வீட்டில் கதைப்பது தமிழ். வாசிக்கத் தெரிந்த எழுத்து சிங்களம். பாடசாலைப் படிப்பை இடையில் விட்டு எந்த எழுத்திலும் வேகமில்லாத தாய்மாரும் உண்டு. "நான் எப்படி வாசித்துக் காட்டுவது?" என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒதுங்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எழுத்து என்றால் எறும்புதான். அது பார்ப்பது படத்தை. கேட்பது உங்கள் குரலை. சிங்களப் படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் கதை சொன்னால் பிள்ளை வந்து குறைசொல்லப் போவதில்லை. நம் சமூகத்துக்கு இது புதிதுமல்ல. தமிழெழுத்து ஒன்றும் அறியாத எத்தனையோ மூத்தும்மாமார் ஓதப் பழகிய அரபு எழுத்தைக் கொண்டே அரபுத் தமிழ்க் கிதாபுகளை வாசித்திருக்கிறார்கள். எழுத்து வேறாக இருந்தது. வாயில் வந்தது தமிழ்தான். ஒருவர் வாசிக்க வீட்டுப் பெண்கள் சுற்றியிருந்து கேட்பதும் நமக்குத் தெரிந்த வழக்கமே. மாலைகளும் கிஸ்ஸாக்களும் மசலாக்களும் அப்படித்தான் வாய்க்கு வாய் வந்து சேர்ந்தன. அந்தச் சபையில் பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் மனதில் வைக்க வேண்டியது: படப் புத்தகத்தை வாசிப்பதென்பது படத்தைக் கதைப்பது. எழுத்துத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் கண்ணும் வாயும் போதும்.

சிறு பிள்ளையின் குருவி

நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களுக்கு ஒரு சின்னத் தம்பி இருந்தார். அபூ உமைர் என்று கூப்பிடுவார்கள். பால்குடி மறந்த வயதென்று அறிவிப்பில் வருகிறது. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே வயது. அவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அந்தக் குருவி இறந்துபோய்ப் பிள்ளை கவலையோடிருந்தபோது, நபியவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்ன ஆனது என்று விசாரித்தார்கள். அரபியில் பிள்ளையின் பெயரும் குருவியின் பெயரும் ஒன்றோடொன்று ஒலி சேர்ந்து வரும்படி, செல்லமாகக் கேட்டார்கள். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. உலமாக்கள் இதிலிருந்து எத்தனையோ சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். ஒரு தாய் இதிலிருந்து எடுக்கக்கூடியது வேறொன்று: அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்தவர், பால்குடி மறந்த பிள்ளையிடம் அந்தப் பிள்ளைக்குப் பெரிதாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றியே கதைத்தார், ஓசை நயத்தோடும் கதைத்தார். படப் புத்தகம் செய்வதும் இதைத்தான். குருவி, கோழி, குடை, மழை என்று பிள்ளையின் உலகத்திலுள்ள பொருளை எடுத்து, அதன் பெயரைத் திரும்பத் திரும்ப, இனிமையாகச் சொல்ல வைக்கிறது.

"வீட்டில் உருவப் படம் வைக்கலாமா?" என்று சில சகோதரிகள் தயங்குவார்கள். நியாயமான கேள்வி. ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றிடையே துணியில் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததும், சிறகுள்ள குதிரையா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரழி) திருப்பிக் கேட்டதும், நபியவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்கும் உரியவற்றில் இதைக் கொண்டு சலுகை காட்டிய உலமாக்கள் பலர். பேணுதலாக இருக்க விரும்புவோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். இப்னுல் முகஃப்பஃ 8ஆம் நூற்றாண்டில் அரபுக்குக் கொண்டுவந்த 'கலீலா வதிம்னா' மிருகக் கதைகள் நம் இந்தியப் பஞ்சதந்திரத்திலிருந்து போனவை. 13ஆம் நூற்றாண்டு முதல் அந்நூலின் அரபுப் பிரதிகள் சிங்கமும் நரியும் காகமுமாகப் படங்களோடு எழுதப்பட்டு இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. படத்தோடு கதை படிப்பது மேற்கிலிருந்து வந்த நாகரிகமென்று எண்ண இடமில்லை.

பிள்ளைகள் விரும்பும் சில புத்தகங்கள்

முதலில் நம் நாட்டுப் புத்தகம். சிபில் வெத்தசிங்க என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பத்திரிகைகளில் சித்திரம் வரைந்து, பிள்ளைகளுக்காகவே வாழ்நாளெல்லாம் எழுதி வரைந்தவர், 2020இல் காலமானார். அவருடைய 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், 1956இல் வந்தது. பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. குடை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு கிராமம். மழை வந்தால் வாழை இலையைத் தலைக்குப் பிடிப்பார்கள். கிரி மாமா பட்டணம் போய்க் குடையைக் கண்டு அதிசயித்து ஒன்று வாங்கி வருகிறார். வழியில் கோப்பிக் கடையில் நின்று கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் குடையைக் காணோம்! மறுபடி வாங்குகிறார், மறுபடியும் காணோம். கடைசியில் காகிதத் துண்டுகளைக் குடைக்குள் போட்டு வைத்து, அவை விழுந்த வழியே போய்த் திருடனைப் பிடிக்கிறார். திருடன் யாரென்று இங்கே சொல்லமாட்டோம். மரத்தில் இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறோம்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்? மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பொலித்தீனைத் தலையில் கவிழ்த்து, இடுப்பில் படங்கு கட்டிப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளை, வாழை இலை பிடித்துப் போகும் அந்தப் படத்தைக் கண்டவுடன் சிரிக்கும். சிங்களத்தில் எளிதாகக் கிடைக்கிறது. சிங்களப் பிரதியை வாங்கித் தமிழில் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு முழுக் கதையும் விளங்கும். ஒன்றரை வயதென்றால் கதையை விடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் "குடை எங்கே?" என்று கேட்டாலே போதும்.

கதையைவிடப் படம் அதிகம் சொல்லும் புத்தகம் ஒன்று வேண்டுமானால், பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1968இல் செய்த 'ரோசிஸ் வோக்'. ஒரு கோழி காலாற நடந்துபோய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறது. முழுப் புத்தகத்திலும் 32 சொற்களே. அந்தச் சொற்களில் நரி என்ற பேச்சே இல்லை. ஆனால் படத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பின்னால் வந்துகொண்டேயிருக்கிறது! ஒவ்வொரு முறை பாயும்போதும் அதற்கு ஏதாவதொரு ஆபத்து. கோழிக்கு ஒன்றும் தெரியாது. வாசிக்கிற உம்மாவும் தெரியாதவர் மாதிரியே இருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை துள்ளிக் குதித்து "நரி! நரி!" என்று உங்களுக்குச் சொல்லித்தரும். உம்மாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறதென்ற பெருமை இரண்டரை வயதில் எவ்வளவு பெரியது! எழுத்து வாசிக்கத் தெரியாத உம்மும்மாவுக்கும் இது மிக ஏற்ற புத்தகம். வீட்டுப் பின்புறத்தில் கோழி வளர்ப்பவர்கள் நரிக்குப் பதில் கீரி என்று சொன்னாலும் பாதகமில்லை.

எரிக் கார்ல் 1969இல் ஆக்கிய பசித்த மயிர்க்கொட்டியின் கதையை உலகமே அறியும். திங்களன்று ஓர் அப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று தின்று தின்று போகும் புழு, கடைசியில் வண்ணத்துப்பூச்சியாகிறது. தின்ற இடத்திலெல்லாம் தாளில் உண்மையான ஓட்டை. பிள்ளை விரலை விட்டு மறுபக்கம் எடுக்கும். கிழமை நாட்கள், ஐந்துவரை எண்ணிக்கை, பழங்களின் பெயர் எல்லாம் பாடமென்று தெரியாமலே வந்து சேரும். லண்டனில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பும் வந்திருக்கிறது. அங்கே உறவினர் இருந்தால் சொக்கலட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள். ஸ்ட்ரோபெரிப் படம் வரும்போது அதன் பெயரையும் சொல்லி, "நம்ம ரம்புட்டான் மாதிரிச் சிவப்பு" என்று சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு இரண்டு பழமும் கிடைக்கும்.

பெருநாள் கதை கேட்பவர்களுக்கு, சென்னை தூலிகா பதிப்பகத்தின் 'இஸ்மத்ஸ் ஈத்'. பௌசியா கிலானி-வில்லியம்ஸ் எழுதியது. பெருநாளுக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் பரிசு வாங்கிவரும் இஸ்மத், தனக்கு ஒரு காற்சட்டையும் வாங்குகிறார். நீளம் அதிகம். வெட்டித் தைத்துத் தரும்படி மனைவியிடம், தாயிடம், மகளிடம் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் பெருநாள் வேலை. அவரே வெட்டிக்கொள்கிறார். பிறகு ஒவ்வொருவருக்கும் மனம் கேளாமல், மற்றவருக்குத் தெரியாமல் வந்து வந்து வெட்டினால்? காற்சட்டை என்ன கதியாகும்! தூலிகா தன் புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. கொழும்புத் தமிழ்ப் புத்தகசாலைகளிலும் செப்டெம்பரில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சியிலும் விசாரித்துப் பாருங்கள். இது மூன்று வயது நிறைந்த பிள்ளைக்கே. அதற்கு முன் கொடுத்தால் சோர்ந்துபோகும். தாடி வைத்த வாப்பா, முக்காடு போட்ட உம்மா, பெருநாள் அடுக்களை என்று தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டைப் புத்தகத்தில் காண்பது பிள்ளைக்குத் தனி மகிழ்ச்சி.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் என்ற தரும நிறுவனம் 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. ஏராளமான தமிழ்ப் படக் கதைகள் அங்கே இலவசம். அச்சிட்டுக்கொள்ளவும், வேறு மொழியில் பெயர்க்கவும் அனுமதியும் உண்டு. நீண்ட தலைமுடியோடு அலையும் சிருங்கேரி சீனிவாஸ் முடி வெட்டிவிட ஆள் தேடி ஒவ்வொருவராகக் கேட்டுப் போகும் கதை அவற்றில் ஒன்று. கேட்கும் ஒவ்வொருவரும் மாட்டேன் என்பார்கள். நான்காவது ஆளிடம் போகும்போது "மாட்டேன்" என்பதை உங்கள் பிள்ளையே சொல்லிவிடும். பிடித்த கதையை பஸாரிலுள்ள கொமியுனிகேஷனில் கொடுத்து அச்செடுத்து, ஓரத்தில் நூல் கோத்துக் கட்டிவிடுங்கள். கைத்தொலைபேசியிலேயே காட்டலாமே என்பீர்கள். காட்டலாம், ஆனால் இரண்டு வயது விரல் பக்கத்தைத் திருப்புவதற்குள் வேறெங்கோ போய் நின்றுவிடும். தாள்தான் நல்லது.

ஆங்கிலப் பண்ணைப் படப் புத்தகங்களில் பன்றி வரும். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்து வாழ்வில் மரவள்ளியைக் கிளறிப்போட்டுப் போகும் காட்டுப் பன்றியைக் காணாத பிள்ளையா! "இதுவும் அல்லாஹ் படைத்த பிராணி. நாம் இதைச் சாப்பிடமாட்டோம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புங்கள். மார்க்கச் சட்டமொன்றைப் பிள்ளை அழுகையில்லாமல் கற்றுக்கொண்டுவிடும்.

வாசிப்பதில் ஒரு சின்ன மாற்றம்

1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலறிஞரும் அவரது குழுவினரும் நியூயோர்க் மாநிலத்தில் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் வீட்டில் படப் புத்தகம் வாசித்தார்கள். ஆனால் ஒரு பிரிவினருக்கு மட்டும் வாசிக்கும் முறையைச் சற்று மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள்: நேராக வாசித்துப் போகாதீர்கள், நின்று கேள்வி கேளுங்கள், பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதைப் பாராட்டி, இன்னும் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிடப் பல மாதங்கள் முன்னால் போயிருந்தார்கள்.

நம் வீட்டுப் பேச்சில் அது இப்படி இருக்கும். பிள்ளை படத்தைக் காட்டி "கோழி" என்கிறது. "ஓ, சிவப்புக் கோழி. எங்கே போகுது கோழி?" "அங்க." "அங்கதான் போகுது, தண்ணிக்குப் பக்கத்துல போகுது. ஐயோ, விழுந்துருமா?" இவ்வளவுதான். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறையுங்கள். கேட்டுவிட்டு ஐந்தெண்ணும்வரை பொறுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். நாம்தான் அவசரப்பட்டு விடையையும் சொல்லிவிடுகிறோம்.

பரீட்சையாக்கிவிடவும் கூடாது. "இது என்ன? இது என்ன நிறம்? அலிஃப் எங்கே? 'அ' எங்கே?" என்று மாமி, சாச்சி, பக்கத்து வீட்டார் எல்லோர் முன்னாலும் பிள்ளையை நிறுத்திக் கேட்கும் வழக்கம் நம்மிடம் மிகுதி. முன்பள்ளியில் சேர்க்குமுன்னே எழுத்தெல்லாம் தெரிய வேண்டுமென்ற போட்டி வேறு. எழுத்துக்கு நாள் வரும். இரண்டு வயதில் புத்தகமென்றால் உம்மாவின் மடிச் சூடு என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரே புத்தகத்தைத் தினமும் கொண்டுவந்து நீட்டும். உங்களுக்குச் சலிக்கும், அதற்குச் சலிக்காது. அடுத்த பக்கத்தில் என்ன வருமென்று தெரிந்திருப்பதுதான் அதற்கு இன்பம். ஆகையால் வீட்டில் இரண்டு மூன்று புத்தகம் இருந்தாலே போதுமானது. இருபது புத்தகம் வாங்க வசதியில்லையே என்று எந்தத் தாயும் ஏங்க வேண்டியதில்லை.

உம்மா தூரத்தில் இருக்கும்போது

தோட்டத்துத் தாய் விடிந்ததும் மலைக்கோ பால் வெட்டுக்கோ போய்விடுவாள். கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவாள். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். மாலையில் திரும்பி, விறகும் தண்ணீரும் பார்த்து, சமைத்து முடிக்கும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அவளிடம் தினமும் வாசித்துக் காட்டு என்று சொல்வது எளிது. கேகாலைப் பக்க இறப்பர் தோட்டங்களில் விடாமழை பெய்யும் காலையில் பால் வெட்டு நடக்காது. சம்பளத்துக்குக் கேடான அந்தக் காலை, பிள்ளைக்கு மட்டும் பெருநாள். மற்ற நாட்களில் வாசிக்க வேண்டியவர்கள் லயத்திலிருக்கும் பாட்டியும் நிலையத்துப் பொறுப்பாளரும்தான்.

நம் சகோதரிகளில் பலர் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள். பஸாரில் உள்ள எத்தனையோ வீடுகளில், நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள லயத்திலிருந்து ஓர் அக்கா வருகிறார். நம் பிள்ளைக்குச் சோறூட்டும்போது அவர் படம் காட்டிக் கதை சொல்கிறார். அவர் பெற்ற பிள்ளை அந்நேரம் வேறு யாரிடமோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் வீடு போகும்போது அந்தப் புத்தகத்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். திங்களன்று திருப்பிக் கொண்டுவரட்டும். கொஞ்சம் கசங்கி வரும். அந்தப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் மொழி ஒன்று; கோழியும் குடையும் ஒன்று. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1989இல் சில வைத்தியர்கள், ஏழைப் பிள்ளைகள் கிளினிக் வரும்போதெல்லாம் மருந்தோடு ஒரு படப் புத்தகமும் கொடுக்கத் தொடங்கினார்கள். அது இன்று அந்நாடு முழுதும் பரவியிருக்கிறது. நமக்குக் கிளினிக் வேண்டாம். ஒரு பை போதும்.

இன்னொரு தூரமும் உண்டு. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் தாய்மார் நம்மிலும் இருக்கிறார்கள், தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாதென்று 2013இல் இங்கே கட்டுப்பாடு வந்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022இல் அமைச்சரவை அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. சட்டம் சரியா பிழையா என்று வாதாட இங்கே இடமில்லை. போகிறவள் பசியால் போகிறாள். ஆனால் இரண்டு வயதென்றால், பிள்ளை சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கும் வயது. அந்த வயதில்தான் உம்மாவின் குரல் வீட்டைவிட்டுப் போகிறது.

போகுமுன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பிள்ளையிடம் இருக்கட்டும், மற்றது உங்கள் பயணப் பையில் போகட்டும். அங்கே வேலை ஓய்ந்த நேரத்தில் பக்கம் பக்கமாக வாசித்துக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "இப்போ பக்கத்தைத் திருப்புங்க மகன்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இங்கே உம்மும்மா பிள்ளையை மடியில் வைத்துப் பக்கத்தைத் திருப்பட்டும். கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துக் குரலை மட்டும் கேட்கவிடுங்கள். சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் வாப்பாமாரும் இதைச் செய்யலாம். "என்ன செய்றீங்க, சாப்பிட்டீங்களா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் சின்னப் பிள்ளையோடு தொலைபேசியில் என்ன கதைப்பதென்று தெரியாமல் தடுமாறும் ஆண்களுக்கு இது பேருதவி.

வீட்டிலேயே ஒரு புத்தகம்

கடையில் வாங்க முடியாவிட்டால் செய்துகொள்ளலாம். பிஸ்கட் பெட்டி மட்டையை உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக எட்டுத் துண்டு வெட்டுங்கள். பழைய கலண்டர், பால்மாப் பெட்டி, பத்திரிகை விளம்பரம் இவற்றிலிருந்து பிள்ளைக்குத் தெரிந்த பொருள்களின் படங்களை எடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். நெருக்கி ஒட்டினால் சின்னக் கண் தடுமாறும். கோதுமை மாவுப் பசை போதும். அதில் துளி உப்புச் சேருங்கள். மேலே அகலமான செலோடேப் ஒட்டினால் எச்சில் பட்டாலும் ஊறாது. ஓரத்தில் இரண்டு துளை போட்டுச் சப்பாத்து நூலைக் கோத்துவிடுங்கள்.

படத்துக்குப் பஞ்சமென்றால் குடும்பப் படங்களையே ஒட்டலாம். வாப்பா, உம்மும்மா, கடை, வீட்டுப் பூனை, பள்ளிவாசல் மினாரா, எதிரே தெரியும் மலை. இதைவிடப் பிள்ளை விரும்பும் புத்தகம் எந்தப் பதிப்பகத்திலும் வராது. இரட்டைப் பிறவிபோல இரண்டு செய்து ஒன்றை அந்த லயத்து அக்காவின் பிள்ளைக்குக் கொடுக்கும்போது, அவர்களுடைய படங்களை ஒட்டிக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளை இந்த வேலையில் இறக்கிவிட்டால் பாடசாலை விடுமுறையில் ஒரு மாலை நேரம் சத்தமில்லாமல் கழியும்.

இனிக் கிழிக்கும் கதை. பிள்ளை கிழிப்பது துவேஷத்தால் அல்ல. தாள் கிழியும் சத்தம் அதற்குப் பிடித்திருக்கிறது. கிழிப்பதற்கென்று பழைய பத்திரிகை ஒன்றைத் தனியே கொடுத்துவிடுங்கள். புத்தகத்தைப் பிள்ளை எட்டும் உயரத்திலேயே வையுங்கள். அலுமாரியின் மேல் தட்டில் அழகாக இருக்கும் புத்தகத்தால் யாருக்குப் பயன்? கிழிந்ததைப் பிள்ளைக்கு முன்னாலேயே ஒட்டுங்கள். டேப்பை அழுத்திவிடும் வேலையை அதனிடமே கொடுங்கள். நம் பக்கத்தில் கிழிசலைவிடப் பெரிய எதிரி பூஞ்சணம். மே, ஜூன் மழையில் ஒரு வாரம் திறக்காமல் வைத்தால் பக்கம் ஒட்டிக்கொண்டு, சாம்பல் பூத்துவிடும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, சில காய்ந்த வேப்பிலையோடு மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். டின்னின் மூடி இறுக்கமாக இருந்தால் பிள்ளை உங்களிடம்தான் கொண்டுவந்து திறக்கச் சொல்லும்.